எட்டு மாதமாக வயலினைத் தொடவில்லை: மருத்துவம் படித்துக்கொண்டே வேறு விருப்பங்களை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

கம்பிநாதம் (முதலாம் ஆண்டு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதல் வருஷம் முடியப்போகுது. ஆறு வயசிலிருந்து வயலின் வாசிச்சிட்டிருந்தேன். மருத்துவம் சேர்ந்த பிறகு பெட்டியைத் திறந்தது மூணே தடவை. கடைசியாத் திறந்து எட்டு மாசம் ஆகுது. இடது கை விரல் நுனியில் வருஷக்கணக்கா இருந்த காய்ப்பு இப்போ முழுசா மறைஞ்சிடுச்சு. போன வாரம் டிசெக்‌ஷன் (உடலை அறுத்துப் படிக்கிற வகுப்பு) முடிஞ்சு கை கழுவும்போதுதான் அதைக் கவனிச்சேன். குழாயைத் திறந்துவிட்டபடியே அப்படியே நின்னுட்டேன்.

என் நாள் இப்படித்தான் போகுது. காலையில் வகுப்பு, அப்புறம் டிசெக்‌ஷன் ஹால், மதியம் ஹிஸ்டாலஜி (திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறது) இல்லேன்னா ஃபிசியாலஜி லேப், சாயங்காலத்திலிருந்து மறுநாள் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) படிப்பு. உடலைக் கெடாம வைக்கிற ஃபார்மலின் நெடி முடியிலேயே தங்கிடுது. ஆனா ஒண்ணு சொல்லணும், இந்தப் படிப்பு எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு. போன மாசம் வயிற்றுப் பகுதி அறுத்துப் பார்த்தப்போ எங்க குழு அரை மணி நேரம் பித்தப்பையைத் தேடிச்சு. கல்லீரலுக்குக் கீழே எங்கேயும் இல்லை. அப்புறம்தான் தோலில் ஒரு பழைய தழும்பு கண்ணில் பட்டுச்சு. எப்பவோ அறுவை செஞ்சு எடுத்திருக்காங்க. அந்த மனிதர் ஒரு காலத்தில் வலியோட படுத்திருந்தார், யாரோ ஒரு டாக்டர் சரி பண்ணினார், எழுந்து வீட்டுக்குப் போனார், அப்புறம் எங்களுக்காகத் தன் உடம்பையே கொடுத்துட்டுப் போயிருக்கார். அன்னைக்கு ராத்திரி நான் படிச்சது எதுவும் மறக்கலை.

அதனால இது படிப்பு பிடிக்காத ஆளோட புலம்பல் இல்லை. புத்தகத்தை மூடினா உறுத்துது, வயலின் பெட்டியைப் பார்த்தாலும் உறுத்துது. அதை யாராவது வாசிக்கிறவங்களுக்குக் கொடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். இந்த நிலைமையைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.


வார்டுநடை (இறுதி ஆண்டு) எழுதியது:

கொடுத்துவிடாதே தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வரைகிறவன். உன்னைப் போலவே முதல் வருடத்தில் நிறுத்தினேன். நேரம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒரு வாரம் முழுக்க எந்த மணி நேரத்தில் என்ன செய்தேன் என்று எழுதிவைத்துப் பார்த்தேன். நாளுக்கு ஆறு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கோடு போட்ட வரிகளையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குப் பழகிய வரி மனதில் ஏறிவிட்டது போலவே தோன்றும். வைவாவில் எதிரே இருப்பவர் கேள்வி கேட்டதும் வாய் அடைத்துக்கொள்ளும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்கள், வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிய மாணவர்கள் என்று இரு குழு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மூடிவைத்து எழுதியவர்கள் முன்னால். நாம் படிப்பது ஒரு வாரத்துக்கு அல்ல, முப்பது வருடத்துக்கு. அதைப் படித்த பிறகு நான் முறையையே மாற்றினேன். ஒரு தலைப்பை ஒருமுறை கவனமாகப் படிப்பது, மூடுவது, வெறும் தாளில் எழுதுவது அல்லது வரைவது, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்ப்பது. பிறகு ஆன்கி என்ற நினைவூட்டும் செயலியில் போட்டுவைத்தால் மறக்கப்போகிற நேரத்துக்கு அதுவே வந்து கேட்கும்.

கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை எடுத்துக்கொள். ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று கயிறு, ஐந்து முடிவுக் கிளை. பத்து முறை வாசித்தும் எனக்கு நிற்கவில்லை. புத்தகம் பார்க்காமல் நாலு நாள் தொடர்ந்து வரைந்தேன், ஒவ்வொரு நாளும் எங்காவது தவறியது. ஐந்தாம் நாள் முழுசாக வந்தது. இன்று வார்டில் மணிக்கட்டு தொங்கிப்போன ஒருவரைப் பார்த்தால், ரேடியல் நரம்பில் எந்த இடத்தில் அடி என்று அந்தப் படத்தில் விரலை ஓட்டித்தான் யோசிக்கிறேன்.

ஹிஸ்டாலஜிக்கு இரண்டே வண்ணப் பென்சில் போதும். ஹீமடாக்சிலின் என்ற சாயம் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும், ஈயோசின் என்ற சாயம் சுற்றியிருப்பதை இளஞ்சிவப்பாக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைய ஆரம்பித்த பிறகு ஸ்லைடுகளே அழகாகத் தெரிய ஆரம்பித்தன. சிறுநீரகக் குளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) ஒன்றை நான் அரை மணி நேரம் வரைந்தேன், அது படிப்பா பொழுதுபோக்கா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி மிச்சமான நேரம் நாளுக்கு ஒன்றரை மணி. அதில் உன் வயலின் அடங்கும்.


ஓட்டம் (மூன்றாம் ஆண்டு) எழுதியது:

நான் ஓடுறேன். வாரத்துக்கு நாலு நாள், ஒரு தடவைக்கு முப்பது நிமிஷம். தேர்வு வாரத்திலும் விடுறதில்லை. காதில் எதையும் மாட்டிக்கிறதில்லை, ரெக்கார்ட் பண்ணின லெக்சரும் கேட்கிறதில்லை. அவ்வளவுதான் என் பதில்.


குதிரைநகர்வு (மூன்றாம் ஆண்டு) எழுதியது:

வார்டுநடை அண்ணா, படிக்கும் முறையைப் பற்றி நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நரம்பை வரையுறது, ஸ்லைடை வரையுறது, ரெண்டும் படிப்புதான். நல்ல படிப்பு. ஆனா அது அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது. அவங்க கேட்டது மருத்துவத்துக்கு வெளியே இருக்கிற ஒண்ணைப் பற்றி.

நான் செஸ் ஆடுறவன். முதல் வருஷம் நானும் எல்லாத்தையும் படிப்போட சேர்த்துப் பார்த்தேன். செஸ் ஆடினா நோயறியும் திறன் வளரும், அதனால ஆடலாம்னு எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கிட்டேன். விளைவு என்னன்னா, தோத்த ஒவ்வொரு ஆட்டமும் நான் நல்ல டாக்டர் ஆகமாட்டேனோங்கிற பயமா மாறுச்சு. அந்தக் காரணத்தைத் தூக்கி எறிஞ்ச பிறகுதான் மறுபடி ஆட்டம் இனிச்சது. இப்போ போட்டிகளுக்குப் போறதில்லை. ராத்திரி படுக்கும் முன்னாடி ஒரே ஒரு புதிர், மூணு நகர்வில் மேட் மாதிரி. விடை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி, விளக்கை அணைச்சிடுவேன்.

அந்த நேரத்துக்கு மார்க் போட யாரும் இல்லை. நமக்கு நாள் முழுக்க யாராவது மார்க் போட்டுக்கிட்டே இருக்காங்க. ஸ்பாட்டர் (மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்ற தேர்வு), வைவா, கேஸ் பிரசன்டேஷன், லாக் புக். அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா வைங்க.


வார்டுநடை எழுதியது:

நியாயம் தம்பி. யோசித்துப் பார்த்தால், குளோமெருலஸ் வரைந்த பிறகு நான் முகங்களை வரைவதை நிறுத்தியிருக்கிறேன். முன்பு முகங்கள்தான் வரைவேன். இதைக் கவனிக்கவே இல்லை.


இரவுப்பணி (பயிற்சி மருத்துவர்) எழுதியது:

இருபத்தாறு மணி நேரப் பணி முடித்து, தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

வயலினுக்கு நேரம் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் முதலில் கை வைப்பது தூக்கத்தில். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1997-இல் டாசன், ரீட் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். பயிற்சிக் காலத்தில் நமக்கு அந்த நிலை வாராவாரம் வரும், அப்போது நோயாளியின் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய கேனுலா ஊசி நம் கையில் இருக்கும். மாணவியாக இருக்கும்போது உங்களுக்கு அதைத் தவிர்க்க வாய்ப்பு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். கற்றது நினைவில் படிவதும் தூக்கத்தில்தான். மூட்டையாகப் படித்துவிட்டு விழித்திருந்தால் மூட்டை வாசலிலேயே கிடக்கும்.

என் கதையையும் சொல்கிறேன். பயிற்சியின் மூன்றாவது வாரம், நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். முந்தின நாள் ரவுண்ட்ஸில் என் கையைப் பிடித்துப் பேசியவர். சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க முயல்வது) செய்தவர்களில் நானும் ஒருத்தி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது, எல்லாம் பொம்மையில் பழகியபடியே செய்தேன். பொம்மைக்கு விலா எலும்பு முறியாது. அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்னால் சொல்லியிருக்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். அது நடக்கும், அதற்காக நிறுத்தக் கூடாது.

அன்று அறைக்கு வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. படிக்க முடியவில்லை, பேச முடியவில்லை. முன்பு எனக்குப் பின்னல் வேலை பழக்கம். பள்ளிக்கூட நாட்களில் பாதியில் விட்ட ஒரு சால்வை பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து நாலு வரிசை பின்னினேன். அதனால் துக்கம் போகவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கைகளுக்குச் செய்ய வேறொன்று இருந்தது, பிறகு அழுதேன், பிறகு தூங்கினேன். அந்தச் சால்வை பெட்டியில் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அதனால் பெண்ணே, வயலினைக் கொடுத்துவிடாதே. தினமும் வாசிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெட்டி அறையில் இருக்கட்டும்.


கம்பிநாதம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத் தூங்குறேன், வாக்குக் கொடுக்கிறேன்.

குதிரைநகர்வு அண்ணா சொன்னது என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. ஏன்னா நானும் அதே காரணத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். வயலின் வாசிக்கிறவங்களுக்கு ஸ்டெத்தில் இதய ஒலி நல்லாக் கேட்கும்னு ஒரு சீனியர் சொன்னார். அது உண்மையா இருந்தா வாசிக்க ஒரு நியாயம் கிடைச்ச மாதிரி இருக்கும். உண்மைதானா?


மெல்லொலி (இதயநோய் மருத்துவர்) எழுதியது:

இருபது வருடமாக இதய ஒலி கேட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை அம்மா.

மேற்கத்தியச் சுருதி முறையில் வயலினின் மிகத் தாழ்ந்த கம்பி 196 ஹெர்ட்ஸ். இதயத்தின் முதல், இரண்டாம் ஒலிகளின் (லப், டப்) சக்தி பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது ஒலிகள் அதையும்விடத் தாழ்வு. மனிதக் காதே மந்தமாக இருக்கும் பகுதி அது. உங்கள் கருவி தொடங்கும் இடத்துக்குக் கீழேதான் எங்கள் வேலை தொடங்குகிறது. சுருதி சுத்தமாகக் கேட்கும் காது அங்கே பெரிதாக உதவாது.

உதவுவது வேறு. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (மைட்ரல் வால்வு குறுகிப்போவது) முணுமுணுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்து இடி போன்ற உறுமல். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கேட்டால் பல நேரம் தப்பிவிடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இதய நுனி துடிக்கும் இடத்தை விரலால் கண்டுபிடித்து, ஸ்டெத்தின் பெல்லை (கிண்ணம் போன்ற பக்கத்தை) மெல்ல, தோலில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் தோலே இறுகி டயஃபிரம் (ஸ்டெத்தின் தட்டையான மறுபக்கம்) மாதிரி வேலை செய்யும், தாழ்ந்த ஒலி போய்விடும். அயோர்டிக் ரீகர்ஜிடேஷனுக்கு (அயோர்டிக் வால்வு வழியே ரத்தம் பின்னால் கசிவது) நேர்மாறு. உட்காரவைத்து, முன்னால் சாயச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, டயஃபிரத்தை நன்றாக அழுத்தி வைக்க வேண்டும். எந்த ஒலி முதலாவது என்று குழம்பினால் கழுத்து நாடியில் விரல் வைத்துக்கொண்டு கேளுங்கள், நாடி எழும் நேரத்தில் கேட்பதுதான் முதல் ஒலி. பிறகு முதல் ஒலியை மட்டும் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அடுத்து இரண்டாவதை மட்டும். அடுத்து இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை. இது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பழகினால் வரும். நூறு நெஞ்சுகளைக் கேளுங்கள், அவற்றில் எண்பது நலமான நெஞ்சாக இருக்கட்டும். நலமானது காதில் ஊறிவிட்டால் கோளாறு தானாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

சி.பி.ஆர். தாளம் ஒன்றுக்கு வேண்டுமானால் உங்களுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. தாள வேகம் காட்டும் மெட்ரோனோமில் 110 என்றால் என்ன வேகம் என்று உங்கள் உடம்புக்கே தெரியும். மற்றவர்கள் பதற்றத்தில் 140-க்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அதற்காக வாசிக்காதீர்கள். நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன், சுமாராகத்தான். அதனால் எந்த நோயாளிக்கும் எந்த நன்மையும் நடந்ததில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.


வார்டுநடை எழுதியது:

ஐயா, புல்லாங்குழல் என்றதும் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் நினைவுக்கு வந்தார். 1816-இல் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர், பிறகு மரத்தைக் கடைந்து தன் கையாலேயே ஸ்டெதஸ்கோப் செய்தவர். அவரும் புல்லாங்குழல் வாசித்தவர்தான்.

அவருக்கு முன்னால் ஆஸ்திரிய மருத்துவர் அவுன்ப்ருகர். விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்து, பிறகு மனித நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் வெளியிட்டார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1808-இல் பிரெஞ்சு மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே உலகம் கவனித்தது. அந்தக் கோர்விசாரின் மாணவர்தான் லேனெக். அவுன்ப்ருகர் இசை ரசிகர், இசையமைப்பாளர் சாலியேரியின் ஓர் ஆப்பெராவுக்குப் (இசை நாடகத்துக்கு) பாடல்வரி எழுதிக் கொடுத்தவர். அந்த வரிகளால் மருத்துவத்துக்கு ஒன்றும் நேரவில்லை, ஐயா சொன்ன மாதிரியே.

பெர்கஷன் (இப்படித் தட்டிப் பார்க்கும் முறை) பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அடி மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. அடித்த விரலை உடனே எடுத்துவிட வேண்டும். மேசையில் பழகலாம், மரச்சட்டம் எங்கே ஓடுகிறது, எங்கே வெற்றிடம் என்று கண்ணை மூடித் தட்டிக் கண்டுபிடிக்கலாம்.


பழையகோட்டு (நோய்க்குறியியல் மருத்துவர்) எழுதியது:

இங்கே எல்லாரும் விட்டுவிடாதே என்கிறார்கள். விட்டவள் ஒருத்தியின் குரலும் இருக்கட்டும்.

நான் நடனம் ஆடியவள். இரண்டாம் ஆண்டில் பாத்தாலஜியும் ஃபார்மகாலஜியும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தபோது நிறுத்தினேன். மறுபடி தொடங்கவில்லை. உடம்பு மாறிவிட்டது, மூட்டு முன்போல் வளையவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் அது திரும்பி வராது என்று தெரிந்தது. சில வருடம் வலித்தது. இப்போது என் ஓய்வு நேரத்தில் செடி வளர்க்கிறேன், அதில் மனம் நிறைகிறது.

ஒன்றை விடுவது குற்றமில்லை. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து, நாளைக் குறித்து, நின்று பார்த்துவிட்டு விட வேண்டும். எனக்கு அது அப்படி நடக்கவில்லை. அடுத்த வாரம், தேர்வு முடிந்ததும், போஸ்டிங் முடிந்ததும் என்று தள்ளித் தள்ளி, ஒரு நாள் பார்த்தபோது இல்லாமல் போயிருந்தது. கடைசியாக ஆடிய நாள் எது என்று எனக்கு நினைவில்லை. வலித்தது அதுதான்.

கம்பிநாதம், கொடுக்க முடிவு செய்தால் கொடு. கொடுக்கும் முன் ஒருமுறை வாசித்துவிடு.


முடிச்சு (அறுவைப் பயிற்சி) எழுதியது:

எல்லாரும் சொல்லிட்டீங்க. ஒரே ஒரு விஷயம். மருத்துவம் படிக்காத ஒரு நண்பரையாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அவரிடம் பேசும்போது கேஸ் பற்றிப் பேச முடியாது. எனக்கு என் ஓய்வே அந்த அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நாற்காலிக் கையில் நூலைக் கட்டி ஒற்றைக்கை முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பேன், அது பொழுதுபோக்கில் சேராது.


கம்பிநாதம் எழுதியது:

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். இடையில் கழுத்துப் பகுதி வைவா முடிஞ்சது, கரோட்டிட் முக்கோணத்தில் ரெண்டு கேள்வி விட்டேன், மத்தது பரவாயில்லை.

பழையகோட்டு அம்மா, உங்க பதிவைப் படிச்ச அன்னைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கடைசியா வாசிச்ச நாள் எனக்கும் ஞாபகம் இல்லை. மாசம்தான் தெரியுது.

நேத்து சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். ஈ (E) கம்பி, அதாவது மேல் சுருதிக் கம்பி, அறுந்து சுருண்டு கிடந்தது. மத்த மூணும் சுருதி இறங்கியிருந்துச்சு. வில்லை முறுக்கி வைக்காம தளர்த்தி வெச்சிருந்ததால அது தப்பிச்சுது. புதுக் கம்பி இல்லை, மூணு கம்பியிலேயே வாசிச்சேன். மெட்ரோனோம் வைக்கலை. சின்ன வயசில் முதன்முதலாக் கத்துக்கிட்ட ஒரு பயிற்சி, அப்புறம் ஞாபகம் வந்தது எதுவோ அது. மேலே ஏறும்போது ஈ கம்பி இல்லாத இடத்தில் கை தானாப் போய்ப் போய் நின்னுச்சு. இதையெல்லாம் எந்த நரம்பு செய்யுதுன்னு ஒரு தடவைகூட யோசிக்கலை. பன்னிரண்டு நிமிஷம் ஆயிருந்தது, விரல் தாங்கலை, மூடி வெச்சிட்டேன். யாருக்கும் கொடுக்கலை.

வார்டுநடை அண்ணா, முகம் வரைஞ்சீங்களா?

இன்னைக்குக் காலையில் டிசெக்‌ஷனுக்குக் கிளவ்ஸ் போடும்போது நாலு விரல் நுனியும் எரிஞ்சது. சுண்டு விரலில் கம்பி பதிஞ்ச கோடு இன்னும் சிவப்பா இருக்கு.


வார்டுநடை எழுதியது:

ஒன்று வரைந்தேன். வார்டில் எட்டாம் நம்பர் படுக்கையில் இருக்கும் பாட்டிக்குத் துணையாக வந்து, நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்த பேத்தி. அவர்கள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை. தாளைப் பாட்டியே வாங்கி வைத்துக்கொண்டார்.